பழ ஈ உறக்கச் சோதனை: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் முறை

ஈயின் நடமாட்டத்தைப் பதியும் டேம் மானிட்டர் (டிரோசோபிலா ஆக்டிவிட்டி மானிட்டர்) உறக்கத்தை நேராக அளப்பதில்லை. 5 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட கண்ணாடிக் குழாயின் நடுவே ஓர் அகச்சிவப்புக் கதிர் குறுக்கே போகிறது. உள்ளே இருக்கும் ஈ அதைக் கடக்கும்போதெல்லாம் ஓர் எண்ணிக்கை ஏறும். தொடர்ந்து 5 நிமிடம் ஏறாவிட்டால் ஈ தூங்கியதாக எழுதிக்கொள்கிறோம். பழ ஈயின் அசைவற்ற நிலை உண்மையில் உறக்கம்தான் என்று 2000-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டிய பிறகு இந்த 5 நிமிடக் கணக்கு எல்லா ஆய்வகங்களிலும் நிலைத்துவிட்டது. வசதியான கணக்குதான். ஆனால் ஈயைக் கதிரைக் கடக்கவிடாமல் தடுக்கும் எதுவும் இதில் உறக்கமாகவே பதிவாகும். இந்தக் கணக்குப்படி செத்த ஈயை விட நன்றாகத் தூங்கும் ஈ கிடையாது.

அதனால் தேட வேண்டிய வரிசை இது: முதலில் மூலக் கோப்பு (மானிட்டரின் நிமிடத் தரவு), அடுத்து குழாய், அடுத்து இன்குபேட்டர் (வெப்பமும் ஒளியும் கட்டுப்படுத்திய பெட்டி), அடுத்து ஸ்டாக் (ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கும் ஈ வரிசை). மரபணுவின் மேல் பழியோ புகழோ போடுவது கடைசியில்.

ஒழுங்காக ஓடும் சோதனை எப்படி இருக்கும்

ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும். 25 டிகிரி செல்சியஸ், 12 மணி ஒளி, 12 மணி இருள், ஈரப்பதம் 60 முதல் 65 சதவீதம், 3 முதல் 5 நாள் வயதான காட்டு வகை (மரபணுப் பிறழ்வு ஏற்றாத) ஆண் ஈக்கள். இவற்றின் நடமாட்டம் விளக்கு எரியும் நேரத்தை ஒட்டி ஒருமுறையும் அணையும் நேரத்தை ஒட்டி ஒருமுறையும் உச்சத்தைத் தொடும். இரண்டு உச்சங்களும் விளக்கு மாறுவதற்கு முன்பே மெல்ல ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். நடுப்பகலில் நீண்ட ஓய்வு, இரவில் கனத்த உறக்கம்.

தீனி 100 மி.லி. நீருக்கு 5 கிராம் சுக்ரோஸ், 2 கிராம் அகார். குழாய்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி பீக்கரில் நிறுத்தி, உருகிய தீனியை ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, இறுகியதும் உருவி, வெளிப்பக்கத்தைத் துடைத்து, தீனி முனையை உருக்கிய பாரஃபின் மெழுகில் இரண்டு முறை முக்க வேண்டும். மறுமுனைக்குப் பஞ்சு. கார்பன் டைஆக்சைடு கொடுத்து ஈக்களை ஏற்றினால் முதல் நாள் தரவைக் கழித்துவிடுங்கள். மயக்கத்தின் மிச்சமும் புது இடத்துப் பரபரப்பும் அந்த ஒரு நாளில்தான் கலந்திருக்கும்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டு கூட்டாளிகள் கட்டாயம் உடன் ஓட வேண்டும். ஒன்று உங்கள் பின்னணி ஸ்டாக், அதாவது நீங்கள் ஆராயும் பிறழ்வு இல்லாத மூல வரிசை (ஐசோ31, கேன்டன்-எஸ், எதுவானாலும் சரி). இன்னொன்று பெர்01, அதாவது பீரியட் மரபணு செயலிழந்த ஈ. 1971-இல் கொனோப்காவும் பென்ஸரும் கண்டெடுத்த, நாள் லயத்தை நடத்தும் உடற்கடிகாரமே இல்லாத அந்த ஈ உங்கள் கருவிக்கும் பகுப்பாய்வுக்கும் சேர்த்துச் சோதனைக் கல். அதற்கென எட்டுக் குழாய் ஒதுக்கினால் போதும்.

அறிகுறி: ஒரு சேனல் (ஒரு குழாய்க்கான இடம்), அல்லது மானிட்டர் முழுவதும், பூஜ்யம்

முழு மானிட்டரும் பூஜ்யமென்றால் குழாயைத் தொடாதீர்கள். மூலக் கோப்பைத் திறந்து நான்காம் நெடுவரிசையைப் பாருங்கள். 1 என்றால் அந்த நிமிடத் தரவு வந்து சேர்ந்தது, 51 என்றால் மானிட்டர் பதில் சொல்லவில்லை. 51 திட்டுத்திட்டாக வந்தால் டெலிபோன் கேபிள் முனை தளர்ந்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட நேரத்திலிருந்து தொடர்ந்து வந்தால் மின்சாரம் போயிருக்கிறது, அல்லது கணினி தூக்க நிலைக்குப் போயிருக்கிறது. கணினியின் தானியங்கித் தூக்கத்தையும் தானியங்கி அப்டேட்டையும் அணைக்காமல் ஓட்டம் தொடங்குவது வம்பை விலை கொடுத்து வாங்குவது.

ஒற்றைச் சேனல் மட்டும் பூஜ்யமென்றால் குழாயை இன்னொரு சேனலுக்கு மாற்றி பத்து நிமிடம் பாருங்கள். பூஜ்யம் குழாயோடு போனால் ஈ செத்திருக்கும், தப்பியிருக்கும், அல்லது பஞ்சுக்குள் சிக்கியிருக்கும். பூஜ்யம் சேனலிலேயே நின்றால் சென்சாரில் தூசு. காற்று ஊதிச் சுத்தம் செய்தும் சரியாகவில்லையென்றால் அந்தச் சேனல் எண்ணை மானிட்டர் மேலேயே எழுதி ஒட்டி, இனி காலியாக விடுங்கள்.

அறிகுறி: நிமிடத்துக்கு நம்ப முடியாத எண்ணிக்கை

கதிர் படும் இடத்தில் நீர்த்துளி படிந்திருக்கலாம். சூடு ஆறாத தீனியில் ஈயை ஏற்றினாலும், குளிர் அறையிலிருந்து எடுத்த குழாயை உடனே ஏற்றினாலும் இது நடக்கும். அறை வெப்பத்தில் சில மணி நேரம் வைத்துவிட்டு ஏற்றுங்கள். ஈ சரியாகக் கதிரிலேயே உட்கார்ந்து இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாலும் எண்ணிக்கை சரமாரியாக ஏறும். இரண்டு ஈ போன குழாய் அபூர்வம்தான், ஆனாலும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நான்காம், ஐந்தாம் நாளிலிருந்து மட்டும் ஏறினால் பெரும்பாலும் புழு. இனச்சேர்க்கை முடிந்த பெண் ஈ குழாய்க்குள் முட்டையிடும். 25 டிகிரியில் ஏறத்தாழ ஒரு நாளில் முட்டை பொரிந்துவிடும். புழுக்கள் தீனியைக் குழப்பி மேலேறி, கதிரையும் கடக்கும். பெண் ஈக்களை வைத்துச் செய்யும் சோதனையை நான்கு நாளுக்குள் முடியுங்கள், இல்லாவிட்டால் இடையில் புதுக் குழாய்க்கு மாற்றுங்கள்.

அறிகுறி: ஒரு மரபு வகை ஈ மட்டும் மிக அதிகமாகத் தூங்குகிறது

அவசரமாகக் கட்டுரை எழுத வைப்பது இந்த அறிகுறிதான். முதலில் ஒவ்வொரு ஈக்கும் கடைசி 24 மணி நேரத்தைப் பாருங்கள். எண்ணிக்கை ஒன்றுகூட இல்லையென்றால் அந்த ஈ எந்தக் கட்டத்தில் செத்ததோ தெரியாது. அதன் தரவு முழுவதையும் நீக்குங்கள். சாவுக்கு முந்தைய நாளின் சோர்வைக் கூட வைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, விழித்திருக்கும் நிமிடம் ஒன்றுக்கு எத்தனை எண்ணிக்கை என்று கணக்கிடுங்கள். மொத்த உறக்கம் கூடியிருந்து, இந்த அளவு கன்ட்ரோலை, அதாவது ஒப்பிட வைத்த ஈக்களைப் போலவே இருந்தால் உறக்கம் உண்மையிலேயே கூடியிருக்க வாய்ப்புண்டு. இதுவும் பாதியாகக் குறைந்திருந்தால் ஈ நோஞ்சான், நடக்க முடியவில்லை. சுருள் இறக்கை கொண்ட பேலன்சர் (பிறழ்வு தொலையாமல் காக்கச் சேர்க்கும் மாற்றியமைத்த குரோமோசோம்) ஈக்களைக் கன்ட்ரோலாக வைப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் அடிக்கடி நேரும். சை-ஓ பேலன்சர் வெறும் அடையாளம் மட்டுமல்ல, ஒரு முழுக் குரோமோசோமே வேறு. சகோதர ஈதானே என்று அதைக் கன்ட்ரோலாக எடுக்கக் கூடாது.

மூன்றாவது, ஈ எங்கே வசிக்கிறது என்று பாருங்கள். தீனியருகிலேயே சுற்றித் திரியும் ஈ நடுக்கதிரைக் கடக்காது. தின்பதும் துடைப்பதும் எல்லாம் உறக்கமாகவே எழுதப்படும். வீடியோ பதிவோடு ஒப்பிட்டவர்கள் டேம் உறக்கத்தை மிகைப்படுத்துகிறது என்று காட்டியிருக்கிறார்கள். மிகையின் அளவு பாலினத்துக்கும் மரபு வகைக்கும் ஏற்ப மாறும் என்பதுதான் இதில் ஆபத்து. எல்லா ஈக்கும் ஒரே அளவு மிகையென்றால் ஒப்பீடு கெடாது. அளவு மாறுவதால் பசி கூடிய பிறழ்வு ஒன்றை நீங்கள் உறக்கப் பிறழ்வு என்று நம்பிவிடலாம். பல கதிர் மானிட்டர் கிடைத்தால் அதில், கிடைக்காவிட்டால் அகச்சிவப்பு விளக்கும் சாதாரணக் கேமராவும் வைத்து, ஒரு குழுவையாவது சரிபாருங்கள். ஒரு தட்டு தட்டிப் பார்ப்பதும் உதவும். தூங்கும் ஈ மெல்லிய அதிர்வுக்கு எழாது, விழித்துச் சும்மா இருக்கும் ஈ உடனே நகரும்.

அறிகுறி: கன்ட்ரோல் உட்பட எல்லாமே குறைவாகத் தூங்குகின்றன

தீனி காய்ந்துவிட்டதா? மெழுகில் கீறல் விழுந்தால் அகார் சுருங்கி, ஈ பட்டினி கிடக்கும். பட்டினி ஈ உணவு தேடி அலையும், தூங்காது. ஆறேழு நாளைத் தாண்டிய ஓட்டங்களில் முதல் சந்தேகம் இதுதான்.

அதிர்வு அடுத்தது. இன்குபேட்டரின் கம்ப்ரசர், பக்கத்து மேசை சென்ட்ரிஃபியூஜ், படாரென்று சாத்தப்படும் கதவு. எண்ணிக்கை எல்லா மானிட்டரிலும் ஒரே நிமிடத்தில் துள்ளியிருந்தால் காரணம் வெளியிலிருந்து வந்தது.

வெப்பம் கொஞ்சம் நுணுக்கமானது. 29 டிகிரியில் ஈ பகலில் கூடுதலாகவும் இரவில் குறைவாகவும் தூங்கும், மாலை உச்சமும் இரவை நோக்கித் தள்ளிப்போகும். இரவு உறக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது உறக்கக் குறைவாகத் தெரியும். பாலினமும் வரைபடத்தை மாற்றும். இனச்சேர்க்கை முடிந்த பெண் ஈக்கு ஆணின் விந்துத் திரவத்தோடு வரும் செக்ஸ் பெப்டைடு பகல் தூக்கத்தைக் குறைக்கிறது. கன்னிப் பெண்களும் இனச்சேர்க்கை முடிந்தவையும் ஒரே குழுவில் இருந்தால் சராசரிக்கு அர்த்தமே இல்லை.

அறிகுறி: உச்சங்கள் சரியான வடிவத்தில், ஆனால் தவறான நேரத்தில்

கணினிக் கடிகாரமும் இன்குபேட்டர் டைமரும் ஒத்துப்போகவில்லை. கோப்பின் பத்தாம் நெடுவரிசை விளக்கு நிலையைக் காட்டும். 0 எப்போது 1 ஆகிறது என்று பார்த்து அதையே நாளின் தொடக்கமாக எடுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு சில டைமர்கள் தம் கணக்கைப் புதிதாகத் தொடங்கும். யுபிஎஸ் இல்லாத இடத்தில் இந்த நெடுவரிசையைத் தினமும் பார்ப்பது நல்லது.

அறிகுறி: ஒளி-இருள் சுழற்சியில் பெர்01 ஈக்கும் லயம் தெரிகிறது

பிழை இல்லை. விளக்கு எரிந்ததும் ஈ திடுக்கிட்டு நடமாடும், அணைந்ததும் அப்படியே. கடிகாரம் இல்லாமலேயே ஒளி உண்டாக்கும் இந்தத் தோற்றத்தை மாஸ்கிங் என்பார்கள். பார்க்க வேண்டியது விளக்கு மாறுவதற்கு முந்தைய 3 மணி நேரத்தை. காட்டு வகையில் சரிவு மெல்ல ஏறும், பெர்01-இல் தட்டையாகக் கிடந்து சட்டென்று குத்தாக எழும். கடிகார நரம்பணுக்களின் செய்தி மூலக்கூறான பிடிஎஃப் இல்லாத பிடிஎஃப்01 ஈயில் காலை ஏற்றம் காணாமல் போய், மாலை உச்சம் முன்கூட்டியே வரும். கடிகாரம் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை தொடர் இருளில்தான்.

அறிகுறி: தொடர் இருளில் எல்லா மரபு வகைக்கும் துல்லியமாக 24.0 மணி

பார்க்க அழகாக இருக்கும், நம்பாதீர்கள். இருட்டில் விடப்பட்ட ஈக்களின் சுழற்சிக் காலம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் வேறுபட வேண்டும். எல்லாம் ஒரே கோட்டில் நின்றால் அவற்றுக்கு வெளியிலிருந்து யாரோ மணி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒளிக் கசிவைத் தேட, இன்குபேட்டர் முன் அறை விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் கண்ணைப் பழக்கிக்கொண்டு கதவிடுக்கைப் பாருங்கள். உள்ளே இருக்கும் டிஸ்பிளே, சென்சாரின் சின்ன எல்இடி எல்லாவற்றிலும் கறுப்பு டேப் ஒட்டுங்கள். கசிவே இல்லையென்றால் வெப்பம். ஒரு நாளுக்குள் 2–3 டிகிரி ஏறி இறங்கினாலே ஈயின் கடிகாரம் அதற்கு இணங்கிவிடும். பகலில் அறை சூடாகி இன்குபேட்டர் திணறினாலோ, அதே பெட்டியின் மேல்தட்டில் இன்னொருவரின் விளக்கு எரிந்தாலோ இது போதும். நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் வெப்பப் பதிவியைக் குழாய்களுக்கு நடுவே வையுங்கள். கதவில் காட்டும் எண் ஈ இருக்கும் இடத்தின் வெப்பம் ஆகாது.

இருட்டில் கதவைத் திறந்தே ஆக வேண்டுமென்றால் மங்கலான சிவப்பு விளக்கு, அதுவும் சில நிமிடம் மட்டும். கைபேசி டார்ச் கூடவே கூடாது. முன்னிரவில் விழும் ஒரு சிறு ஒளித்துடிப்பு கடிகாரத்தைப் பின்தள்ளும், பின்னிரவில் விழுவது முன்தள்ளும். (மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் காலவுயிரியலுக்குக் கால்கோள் இட்ட எம். கே. சந்திரசேகரன், டிரோசோபிலா சூடோஅப்ஸ்கூரா ஈக்கள் கூட்டிலிருந்து வெளிவரும் லயத்தை இப்படிப்பட்ட ஒளித்துடிப்புகளால் நகர்த்தி ஆராய்ந்தவர். அவர் வேண்டுமென்றே செய்ததை நாம் கவனக்குறைவால் செய்துவிடக் கூடாது.)

அறிகுறி: தொடர் இருளில் கன்ட்ரோலே லயம் இழக்கிறது

விளக்கு உண்மையில் அணைந்ததா என்று பத்தாம் நெடுவரிசையில் பாருங்கள். தொடர் ஒளியில் காட்டு வகை ஈ லயம் இழக்கும். கிரிப்டோகுரோம் என்ற ஒளியுணர் புரதம் ஒளியை வாங்கி, கடிகாரத்தின் அங்கமான டைம்லெஸ் புரதத்தை ஓயாமல் அழிய வைப்பதால் கடிகாரம் நின்றுவிடும். தலைகீழ்ச் சிக்கலும் உண்டு: வேண்டுமென்றே தொடர் ஒளியில் வைத்தும் ஈ லயத்தோடு நடந்தால், கிரிப்டோகுரோம் பிறழ்வு எதையும் நீங்கள் சேர்க்காதபோதும், ஸ்டாக்கில் டைம்லெஸ்ஸை அழிக்க உதவும் ஜெட்லேக் மரபணுவின் பிறழ்வும், டைம்லெஸ் மரபணுவின் எஸ், எல்எஸ் என்ற இரு வடிவங்களில் எல்எஸ் வடிவமும் சேர்ந்து ஒளிந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் ஒளிக்கு மந்தமான ஈ உருவாகும். பிசிஆர் வைத்து எஸ் வடிவமா எல்எஸ் வடிவமா என்று பார்த்துவிடுங்கள்.

இருள் சரியென்றால் பகுப்பாய்வு. லயத்துக்கு 30 நிமிடத் தொகுப்பு, குறைந்தது 5 நாள், முடிந்தால் 7 நாள் தரவு வேண்டும். உறக்கத்துக்கு வைத்த 1 நிமிடத் தொகுப்பை அப்படியே பீரியடோகிராமில் (சுழற்சிக் காலத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கில்) போட்டால் இரைச்சல்தான் மிஞ்சும். தேடும் எல்லையைக் கவனியுங்கள். 20 முதல் 28 மணி என்று வைத்திருந்தால் பீரியட் மரபணுவின் பிறழ்வுகளில் 19 மணி ஓடும் பெர்-எஸ் ஈயும் 29 மணி ஓடும் பெர்-எல் ஈயும் இரண்டுமே லயமற்றவை என்று வந்துவிடும். 16 முதல் 32 வரை விரியுங்கள். லயம் உண்டு என்று சொல்லும் வெட்டுக்கோட்டை, உடன் ஓடும் பெர்01 பெரும்பாலும் கீழே விழுமாறும் கன்ட்ரோல் பெரும்பாலும் மேலே நிற்குமாறும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். முடிவைப் பார்த்த பிறகு நகர்த்தக் கூடாது.

அறிகுறி: பிறழ்வின் விளைவு முதலில் பளிச்சென்று தெரிந்தது, சில மாதங்களில் கரைந்துவிட்டது

இந்தத் துறையின் பெரும் தலைவலி. உறக்கம் பல மரபணுக்கள் சேர்ந்து இழுக்கும் தேர். ஸ்டாக்காகவே வளரும் ஈக்களில், தலைமுறைக்குத் தலைமுறை குறையை ஈடுகட்டும் மாற்றங்கள் சேர்ந்துவிடும். ஷேக்கர் மரபணுவே நல்ல சாட்சி. 2005-இல் வெளியான ஆய்வில் மினிஸ்லீப் என்ற குறையுறக்க ஈயின் பிறழ்வு ஷேக்கரில் இருப்பது தெரிந்தது. ஆனால் பழைய ஷேக்கர் ஸ்டாக்குகள் அப்படிக் குறைவாகத் தூங்கவில்லை. சேர்ந்திருந்த மாற்றிகளை (விளைவை மறைக்கும் பிற மரபணு வேறுபாடுகளை) கலப்பின் மூலம் வெளியேற்றிய பிறகே அவையும் குறைவாகத் தூங்கின.

மருந்து பின்கலப்பு: பிறழ்வு ஈயைப் பின்னணி ஸ்டாக்கோடு மீண்டும் மீண்டும் கலப்பது. ஐசோ31 போன்ற ஒரே பின்னணிக்குள் குறைந்தது 5 அல்லது 6 தலைமுறை. செய்யும் விதம் முக்கியம். ஆண் பழ ஈயில் குரோமோசோம்களுக்கிடையே குறுக்கெதிர்மாற்றம் (துண்டுகள் இடம் மாறுவது) நடக்காது, அதனால் பிறழ்வைத் தாங்கும் பெண்ணையே ஒவ்வொரு தலைமுறையிலும் பின்னணி ஆணோடு கலக்க வேண்டும். பிறழ்வு எக்ஸ் குரோமோசோமில் இல்லாவிட்டால் இடையில் ஒருமுறை மட்டும் திருப்பி, பிறழ்வைத் தாங்கும் ஆணைப் பின்னணிப் பெண்ணோடு கலந்தால் எக்ஸ் குரோமோசோமும் சைட்டோபிளாசமும் பின்னணிக்கு மாறிவிடும். ஸ்டாக்கில் தாய்வழி பரவும் வுல்பேக்கியா பாக்டீரியா இருந்தால் இந்த ஒரு திருப்பத்தில் அதுவும் பின்னணியைப் போல ஆகிவிடும்.

ஆறு தலைமுறைக்குப் பிறகும் பிறழ்வின் இருபுறமும் ஏறத்தாழ 15 சென்டிமார்கன் (குரோமோசோமில் மரபணுத் தூரத்தின் அலகு) அளவுக்குப் பழைய துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இருக்கலாம். பின்கலப்பு முடிந்ததும் மரபணுவைக் கண்டுபிடித்தாயிற்று என்று நினைக்காமல், வேறு வழியில் உருவான இரண்டாவது பிறழ்வு, அந்தப் பகுதியே நீங்கிய டெஃபிஷியன்சி, நல்ல பிரதியைத் திரும்பச் சேர்க்கும் மீட்பு ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு கைவசம் வேண்டும்.

பீரியட், ஷேக்கர், இன்சோம்னியாக் மூன்றும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பவை. ஆண் குஞ்சுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வரும். கலப்பைத் திருப்பிப் போட்ட நாளில் விளைவு மாயமாகியிருந்தால் மாற்றிகளைத் தேடும் முன் தாய் யார் என்று லேபிளில் பாருங்கள்.

அறிகுறி: கேல்4-யுஏஎஸ் கலப்பில் கன்ட்ரோல்களே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை

கேல்4 எந்தச் செல்லில் என்று தீர்மானிக்கும், யுஏஎஸ் அங்கே இயங்க வேண்டிய மரபணுவைச் சுமக்கும்; இரண்டும் ஒரே ஈயில் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். கேல்4 மட்டும், யுஏஎஸ் மட்டும் என்ற இரண்டு கன்ட்ரோலும் பின்னணி ஸ்டாக்கோடு கலந்து பெற்றவையாக இருக்க வேண்டும். சோதனைக் குழு இரண்டையும் விட ஒரே திசையில் விலகினால்தான் கணக்கு. ஒன்றிலிருந்து விலகி இன்னொன்றோடு ஒட்டினால் செருகலின் (ஈக்குள் புகுத்திய டிஎன்ஏவின்) விளைவு அல்லது கண் நிறத்தின் விளைவு. செருகலோடு வரும் கண் நிற அடையாள மரபணுவான மினி-வைட்டின் பிரதிகளின் எண்ணிக்கை மாறினால் பார்வை மாறும், பார்வை மாறினால் நடமாட்டமும் மாறும்.

கேல்4-ஐக் குளிரில் அடக்கிச் சூட்டில் விடுவிக்கும் கேல்80டிஎஸ் வைத்து 18-இலிருந்து 29 டிகிரிக்கு ஏற்றினால், மேலே சொன்னபடி வெப்பமே உறக்கத்தை மாற்றும். எல்லாக் கன்ட்ரோலும் இரண்டு வெப்பத்திலும் ஓட வேண்டும். மருந்து கொடுத்தால் மட்டும் இயங்கும் கேல்4 வகையான ஜீன்ஸ்விட்ச் என்றால் ஆர்யு486 மருந்து: 500 மைக்ரோமோலார் வேண்டுமானால் 100 மி.லி. தீனிக்கு ஏறத்தாழ 21.5 மி.கி., எத்தனாலில் கரைத்து. மருந்தில்லாத குழாய்க்கும் அதே அளவு எத்தனால்.

மரபணுவை அடக்கும் ஆர்என்ஏஐ வேலை செய்யவில்லையென்றால் அதற்கு வலுவூட்டும் டைசர்-2 சேர்த்துப் பாருங்கள். கடிகாரச் செல்களில் இயங்கும் டிம்-கேல்4 கொண்டு பீரியட்டை அடக்கிய குழு ஒன்றையும் உடன் ஓட்டுங்கள். அதிலும் தொடர் இருள் லயம் கெடவில்லையென்றால் சிக்கல் உங்கள் இலக்கு மரபணுவில் இல்லை.

அறிகுறி: இரவெல்லாம் குலுக்கியும் மறுநாள் ஈடுகட்டும் உறக்கம் வரவில்லை

உறக்கத்தைப் பறிக்க வோர்டெக்ஸ் மேடையில் ஒவ்வொரு 20 விநாடிக்குள்ளும் ஏதோ ஒரு தருணத்தில் 2 விநாடி குலுக்கல், 12 மணி நேரம். முதலில் உறக்கம் உண்மையில் பறிபோனதா என்று ஒவ்வொரு ஈக்கும் தனித்தனியாகப் பாருங்கள். பஞ்சுக்கு அருகே தொற்றிக்கொண்டு குலுக்கலைத் தாங்கித் தூங்கும் ஈக்கள் உண்டு. இரவு உறக்கத்தில் பத்தில் ஒன்பது பங்கு இழக்காதவற்றைக் கழியுங்கள். இழப்பு சரியென்றால் பாலினத்தைப் பாருங்கள். ஆண் ஈ நடுப்பகலில் எப்படியும் நிறையத் தூங்கும், அதற்கு மேல் கூட இடமில்லை. விளக்கு எரிந்த முதல் 4 மணி நேரத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள், அல்லது பகலில் குறைவாகத் தூங்கும், இனச்சேர்க்கை முடிந்த பெண் ஈக்களில் செய்யுங்கள். குலுக்காத குழுவை அதே மேசையில் வைத்தால் அதிர்வு அதற்கும் போகும். அதே வெப்பமும் ஒளியும் உள்ள வேறு பெட்டியில் வையுங்கள். பகலில் அதே அளவு குலுக்கப்பட்ட மூன்றாவது குழு ஒன்றும் தேவை, இல்லாவிட்டால் மறுநாள் சுருண்டு கிடந்தது தூக்கக் கடனாலா, வெறும் அடிபட்ட களைப்பாலா என்று பிரித்துச் சொல்ல வழியிராது.